மூன்றாவது ஓட்டு என்னுடையது

செய்யாத குற்றத்துக்கு ஒருவனை மன்னித்து, அவன் பெண்டாட்டிக்கு ஆப்பிள் கேக்கும் சுட்டு அனுப்புகிற ஆட்களை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா? ஓஹையோவில், மின்சாரம், ஃபோன், கார் எதையும் வீட்டில் சேர்க்காத எங்கள் ஆமிஷ் சபைக்கு வாருங்கள், பார்க்கலாம். அந்தக் கேக்கைச் சுட்டவளே நான்தான்.

ஆகஸ்டில் என் புருஷன் எனோஸின் அண்ணன் ரூபனுடைய வைக்கோல் கொட்டகை எரிந்தது. ஆறு குதிரைகள் உள்ளேயே செத்துப்போயின. பால் வண்டி ஓட்டும் டெல்பர்ட்டுக்கும் ரூபனுக்கும் முந்தின வாரம்தான் வாய்த்தகராறு. 'உன் கொட்டகை நாசமாப் போக' என்று அவன் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. ஷெரிஃப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவன் வெளியாள், முன்கோபக்காரன். எங்கள் ஆட்களுக்கும் அது போதுமாக இருந்தது. அடுத்த ஞாயிறே கூடி அவனை மன்னித்துவிட்டார்கள்.

அவன் மனைவி கோனி நான் நீட்டிய கேக்கை வாங்கி, என் கண்ணெதிரிலேயே கோழிகளுக்குப் போட்டாள்.

"செய்யாததுக்கு மன்னிப்பா? யாருக்கு வேணும் உங்க மன்னிப்பு?" என்றாள். என்ன திமிர் இவளுக்கு என்று அன்றைக்கு நினைத்தேன்.

செப்டம்பரில் ஒருநாள் எனோஸின் கோட்டைத் துவைக்க எடுத்தேன். உள்பையில் சார்ஜர் ஒயர் இருந்தது. மின்சாரமே இல்லாத வீட்டில் சார்ஜர் எதற்கு?

"என்ன இது?"

"கயிறு."

"கயித்துக்கு முனையில தகடு எதுக்கு?"

திருதிருவென்று முழித்தான். பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். இரண்டு வருஷமாக அண்ணன் கொட்டகைப் பரணில் ஒரு ஃபோனை ஒளித்துவைத்திருக்கிறான். எதற்கு? பேஸ்பால் பார்க்க! கொட்டகை எரிந்த அன்றைக்குச் சாயங்காலம் அதைப் பழைய பேட்டரியில் மாட்டிவிட்டு வயலுக்குப் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. பயத்தில் ஓடிவந்துவிட்டான்.

"அடப்பாவி! ஒரு மனுஷன் ஜெயில்ல கெடக்கான். போய்ச் சொல்லு."

"சோளம் அறுத்துட்டுச் சொல்றேன், வெர்னா."

சோளம் அறுத்தாயிற்று. 'திருவிருந்து ஆராதனை முடியட்டும்' என்றான். அதற்குள் டெல்பர்ட்டின் வழக்கு வந்துவிட்டது. ஒத்துக்கொண்டால் நாலு வருஷம், இல்லாவிட்டால் பத்து என்று வக்கீல் மிரட்டியிருக்கிறார். திங்கட்கிழமை கோர்ட்டில் ஒத்துக்கொள்ளப் போகிறானாம். இவனுக்குத் திருவிருந்து முடிய வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தத் திருவிருந்து, கோர்ட்டுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றே புதுப் போதகரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வரிசையாகப் போய், லேசாகத் திறந்திருக்கும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூப்பர் ஓர்வாவின் காதில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவர் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தவர்கள் பெயர் சீட்டுக்குப் போகும். இவன் சொல்லமாட்டான், நாமாவது மூப்பரிடம் சொல்லிவிடுவோம் என்று நானும் வரிசையில் நின்றேன்.

"எனோஸ்," என்றேன். "ரூபனோட கொட்டகைய..."

"பேர் மட்டும் போதும்மா." கோடு போட்டுவிட்டார்.

"ஐயோ, ஓட்டு இல்லைங்க, நான் சொல்ல வந்தது..."

"நகரும்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாரு."

பிஷப் லெஸ்டர் நாலு பெயர்களைப் படித்தார். கடைசிப் பெயர் எனோஸ். மூன்று ஓட்டு, சரியாக மூன்று. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மேஜையில் நாலு பாட்டுப் புத்தகங்கள் வைத்தார்கள். ஒன்றுக்குள் மட்டும் சீட்டு. அது யாருக்கு வருகிறதோ அவரைக் கர்த்தரே தேர்ந்தெடுத்தார் என்று அர்த்தம். ஆயுசுக்கும் அவர்தான் போதகர். எனோஸ் மூன்றாவது புத்தகத்தை எடுத்தான். பிஷப் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். முதலாவதில் இல்லை, இரண்டாவதில் இல்லை. எனோஸின் புத்தகத்தில் இருந்தது.

எனோஸ் அப்படியே முழங்காலில் விழுந்து விம்மினான்.

"நான் தகுதியில்லாதவன். நான் பாவி."

"நாம எல்லாருமே பாவிங்கதான் தம்பி," என்று பிஷப் தோளைத் தட்டிக்கொடுத்தார். கொடுக்கமாட்டாரா என்ன? சீட்டு விழுந்த ஒவ்வொருவனும் இதே வசனத்தைத்தானே சொல்லி அழுகிறான்! என் பக்கத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன தாழ்மை, பாத்தியா?" என்றாள் ஒருத்தி. பொறுத்தது போதும் என்று எழுந்துவிட்டேன்.

"பாவின்னு சொன்னா ஆச்சா, எனோஸ்? ஃபோன்னு சொல்லு! பேட்டரின்னு சொல்லு! வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"வெர்னா, உக்காரும்மா," என்றார் பிஷப்.

"அவன் சொல்லட்டும், உக்காருறேன்."

சொன்னான். ஃபோன், பேட்டரி, புகை, ஓடிவந்தது எல்லாவற்றையும். ரூபன் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். எனோஸை வெளியே அனுப்பி எங்களிடம் சம்மதம் கேட்டார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். போதகர் வேலை கிடையாது, ஆறு வாரம் ஒதுக்கிவைப்பு, மற்றபடி மன்னிப்பு. ரூபன் தம்பியைக் கட்டிப்பிடித்து அழுதார். ஆறு குதிரைகளும் இரண்டு வருஷப் பொய்யும் பத்து நிமிஷத்தில் முடிந்தன.

"மன்னிச்ச விஷயத்தை இனிமே யாரும் பேசக் கூடாது," என்றார் பிஷப். "வாங்க, சாப்பாடு ஆறிப்போகுது."

"அப்ப டெல்பர்ட்?" என்றேன்.

"அவனைத்தான் எப்பவோ மன்னிச்சாச்சே!"

அவர் கேலி செய்யவில்லை, மனசாரத்தான் சொன்னார்.

"அவன் எதுவுமே செய்யலைங்க. நாளைக்கு நாலு வருஷம் உள்ள போகப் போறான்."

"கோர்ட், போலீஸ் எல்லாம் உலகத்தார் விவகாரம். நமக்கு எதுக்கும்மா?"

"நம்ம வீட்டு நெருப்புக்குத்தானே அவங்க அவனைப் பிடிச்சு வச்சிருக்காங்க?"

பெண்கள் பந்திக்குத் தட்டு எடுத்துவைக்கப் போனார்கள். நான் எனோஸின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, வெர்னா," என்றான் மெதுவாக.

"ஆமா. நாளைக்குத் திங்கக்கிழமை. நட."

கோனி கதவைத் திறந்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தாள்.

"இன்னிக்குக் கேக் இல்ல கோனி," என்றேன். "காரை எடு. கொட்டகையைக் கொளுத்தினவனைக் கூட்டிட்டு வந்திருக்கேன், ஷெரிஃப்கிட்ட சொல்லுவான்."

கோனி எனோஸை ஏற இறங்கப் பார்த்தாள். அறைந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து காரின் பின்கதவைத் திறந்துவிட்டாள். எனோஸ் குனிந்து ஏறினான்.

"பெல்ட்டைப் போடச் சொல்லு," என்றாள் என்னிடம். "இவன் பத்திரமாப் போய்ச் சேரணும்."