ஒரு சாண் தள்ளி

காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவன் குளிக்கப் போவான். குளித்து வந்ததும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் எறிவான். பிறகு சட்டைப் பொத்தான் போடுவதுபோல் நின்றுகொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பான். மழைக்காலம் தொடங்குமுன்பே இறந்துபோயிருந்த அவன் மனைவி சமையலறையிலிருந்து வந்து, துண்டை எடுத்து உதறி, சுவரிலிருந்த ஆணிக்கு ஒரு சாண் இடப்பக்கமாக, வெறும் காற்றில் மாட்டுவாள். துண்டு அங்கேயே தொங்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். அவன் போய்ப் பாலை இறக்குவான்.

அவன் வேலை பார்த்தது கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில். கணினியில் ஒரு கதவை வரைந்துவிட்டால் போதும், மீதிக் கதவுகளெல்லாம் நகலெடுத்து ஒட்டுவதுதான். ஒட்டியதில் ஒன்றிரண்டு சில சமயம் படத்துக்கு வெளியே போய் விழும். மருத்துவமனை ஒன்றுக்காக வரிசையாக ஒட்டிய வாஷ்பேசின்களில் ஒன்று, ஒட்டியவருடைய மாமியார் வீட்டுக் கூடத்தில் போய் நின்றது. மாமியார் அதில் மண்ணைப் போட்டுச் செடி வைத்தார். சந்தைக்குப் பின்னால் எங்கேயும் ஏறிப் போகாத மாடிப்படி ஒன்று வந்திருந்தது. வெயில் தாழ்ந்ததும் ஆட்கள் அதில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினார்கள். யாரும் வாயைப் பிளக்கவில்லை. மின்வெட்டு மாதிரி அதுவும் ஒரு தொல்லை, அவ்வளவுதான். கிளம்புமுன் படத்தைச் சுருக்கி முழுசாகப் பார்க்க வேண்டும், தப்பி விழுந்ததை விழவிட்டவரே அழிக்க வேண்டும் என்று முதலாளி ஒரு விதி வைத்திருந்தார்.

அவன் மனைவி அங்கே அடுத்த நாற்காலியில் இருந்தவள். கட்டடத்தின் உயரம் விளங்குவதற்காகப் படத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்துவார்கள். அதுவரை இருந்தது தொப்பி வைத்த ஓர் ஆள். சமையல் மேடை எந்த உயரத்தில் இருந்தால் இடுப்பு வலிக்கும் என்று அந்தத் தொப்பிக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, அவள் தன் போட்டோவையே அடியில் வைத்துத் தன்னைக் கோடு கோடாக வரைந்தாள். அன்றிலிருந்து வங்கி வாசலிலும் விடுதி மாடியிலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் அவள்தான் நின்றாள். செத்த பிறகும் நின்றாள். அழிக்க யாருக்கும் கை வரவில்லை.

தங்கள் வாடகை வீட்டையும் அவள் டேப் பிடித்து அளந்து படமாகப் போட்டு வைத்திருந்தாள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் அவன் அந்தப் படத்தைத் திறந்தான். பேருந்து நிழற்குடைப் படம் ஒன்றில் அவள் தனியாக நின்றிருந்தாள். அவளை நகலெடுத்து வீட்டுப் படத்தின் சமையலறையில் ஒட்டினான். நகலெடுக்கும்போது எந்தப் புள்ளியைப் பிடிக்கிறோமோ அதுதான் ஒட்டும் இடத்தில் வந்து உட்காரும். அவன் அவள் குதிகாலைப் பிடித்திருக்க வேண்டும். கண் கலங்கியிருந்ததில், பக்கத்துத் தூணின் அடிமூலையைப் பிடித்துவிட்டான். வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிற தப்பு. சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வந்திருந்தாள், எல்லாவற்றுக்கும் ஒரு சாண் தள்ளி. நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள், விழவில்லை. மேசைக்கு ஒரு சாண் தள்ளி டீயை வைத்தாள், சிந்தவில்லை.

கீழ்வீட்டுக்காரம்மாவுக்கு முதலில் சந்தேகம், பெண்டாட்டி போன ஈரம் காயுமுன் இவன் வேறொருத்தியைக் கூட்டி வந்துவிட்டானோ என்று. மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு, நகல்தானா என்று மூச்சு விட்டார். இவள் துணி துவைக்க எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இவள் அவள்தானா என்ற அவனுடைய சந்தேகம் அப்படித் தீரவில்லை. வந்தவள் சண்டை போடவில்லை. அவனுடைய மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள். மனைவி அலுவலகத்தில் நீங்க என்றாலும் வீட்டுக் கதவைச் சாத்தியதும் வாடா போடா என்பாள். இவள் கதவைச் சாத்திய பிறகும் நீங்கதான். நடுநடுவே வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பாள், பஸ் வருகிறதா என்பதுபோல. வேண்டுமென்றே குழாயைச் சொட்ட விட்டான், செருப்போடு சமையலறைக்குள் போனான். அவள் குழாயை மூடினாள், தரையைத் துடைத்தாள். தினமும் துண்டை எறிந்தான். தினமும் அவள் எடுத்து மாட்டினாள்.

விஷயம் முதலாளி காதுக்குப் போயிற்று. தப்பி விழுந்ததென்றால் அழித்தாக வேண்டும், உனக்கு விட்டால் நாளைக்கு ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். இரண்டு நாள் கொடுத்தார். அவள்தான் என்று தெரிந்தால் வேலையே போனாலும் அழிப்பதில்லை, இல்லையென்று தெரிந்தால் அழித்துவிடுவது என்று அவன் முடிவு செய்து, அவளுடைய அண்ணனை வரச் சொன்னான். அண்ணன் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டார். தங்கை எதிரில் உட்கார்ந்து, சின்ன வயதில் பல் உடைந்தது எப்படி, அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன என்றெல்லாம் கேட்டார். எல்லாம் சரியாக வந்தது.

"சரி, அன்னிக்குக் காலையில கிளம்புறப்ப மாப்ளகிட்ட கடைசியா என்னம்மா சொன்ன?"

"என்னை மறந்துடாதீங்கன்னு சொன்னேண்ணா."

அண்ணன் கிரீஸ் படிந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவளேதான் மாப்ள."

இவள் அவளில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறுதியாயிற்று.

மறுநாள் அலுவலகத்தில் வீட்டுப் படத்தைத் திறந்து அவளைத் தேர்ந்தெடுத்தான். கோடுகள் புள்ளிப் புள்ளியாக மாறி நின்றன. அழிக்கும் பட்டன்மேல் விரலை வைத்தான். இவளை வரைந்தது கல்யாணமான புதிதில். அந்தக் காலை வந்தது அதற்கு எத்தனையோ நாள் கழித்து. பிறகு நடந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாததை அண்ணனுக்காகச் சொல்லியிருக்கிறாள். தினமும் யாரோ எறிந்த துண்டை ஏனென்று கேட்காமல் எடுத்திருக்கிறாள். அவன் விரலை எடுத்தான். ஒரு சாண் நகர்த்தி அவளைச் சரியான இடத்தில் வைத்திருக்கலாம், இரண்டே சொடுக்கு வேலை. அதையும் செய்யவில்லை, அப்புறம் இருவருக்கும் வித்தியாசம் இருக்காது. முதலாளியிடம் போய், "தப்பி விழுந்தது இல்ல சார், நான் தெரிஞ்சு வச்சது" என்றான். முதலாளி, தெரிந்து வைத்ததென்றால் விதியில் வராது என்றார்.

அடுத்த விடுமுறையில் அவன் ஆணியைப் பிடுங்கி ஒரு சாண் இடப்பக்கம் அடித்தான். மேசை, நாற்காலி, அடுப்பு எல்லாவற்றையும் ஒரு சாண் நகர்த்தினான். வருஷங்கள் போயின. அண்ணன் வந்தால் டீ குடித்துவிட்டுப் போவார். கீழ்வீட்டுக்காரம்மா அவளிடம் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிப்பார். அவனுக்குக் காதோரம் நரைத்தது, கோட்டால் ஆனவளுக்கு நரைக்கவில்லை. துண்டை இப்போதெல்லாம் அவனே ஆணியில் மாட்டினான். ஒரு நாள் காலையில் அவள், ஏன் கட்டிலில் போடுவதில்லை என்று கேட்டாள்.

அவன் சொன்னான். அந்தக் கடைசி நாள் மனைவி அவனுக்கு முன்னதாகவே வேலைக்குக் கிளம்பினாள். தெருமுனையில் தலைக்குள் ஒரு நரம்பு வெடிக்கப்போவது யாருக்கும் தெரியாது. பாதிப் படி இறங்கியவள் ஏதோ நினைவு வந்து திரும்பி ஏறி, கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினாள்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதன்னு எத்தன தடவடா சொல்றது?"