விரதம் இருக்காத செடி

ராஜலிங்கத்துக்கும் குடுவைச் செடிக்கும் பகை மூண்டது ஒரு சஷ்டி விரதத்தன்று. கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்முற்றத்துக் கொய்யாக் கிளையில் அவர் மனைவி ஞானேஸ்வரி அந்தக் கொடியைத் தொங்கவிட்டிருந்தாள். இலை நுனியெல்லாம் குட்டிக் குட்டிக் கெண்டிகள் போலக் குடுவைகள். வீடே வாயைக் கட்டியிருந்த அந்தக் காலையில், அதில் ஒன்று முழுக் கரப்பானை விழுங்கிவிட்டது.

“விரத நாளில இது என்னடி அநியாயம்?”

“போன ஞாயிறு ஆட்டெறச்சிக்கு எலும்பு கேட்டது யாருங்க?”

“அது விரதம் இல்லாத நாள்.”

“அப்ப ஒரு கலண்டர் வாங்கிச் செடிகிட்ட மாட்டிவிடுங்க.”

அதோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். ஒரு நாள் அவர் போனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போன நேரம் அது அடித்தது.

“ராஜலிங்கம் ஐயா வீடா? நான் பி.எச்.ஐ. நுஸ்கி, சுகாதாரப் பரிசோதகர். பக்கத்து வீட்டுச் செடியில தண்ணி தேங்கி டெங்கு நுளம்பு பெருகுதுன்னு ஐயா முறைப்பாடு செஞ்சிருக்காரு. நீலக் கேட், பின்னால கொய்யா மரம்.”

நீலக் கேட்டும் கொய்யா மரமும் இந்த வீட்டுடையவை. ஞானேஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காலமெல்லாம் கந்தோரில் கிளார்க்காக இருந்து, பெயரில்லாத முறைப்பாடுகளைக் குப்பைக் கூடையில் போட்ட மனிதர். சொந்த வீட்டைப் பற்றிக் கோள் சொல்லும்போதும் பெயர், நம்பர் எல்லாம் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார்!

“நுளம்புக் குடம்பி இருந்தா என்ன செய்வீங்க தம்பி?”

“செடியை அப்புறப்படுத்தச் சொல்லுவோம்.”

அவள் கண் கொய்யாக் கிளைக்குப் போனது. பேராதனைப் பூங்காவில் விரலளவு கன்றாக வாங்கியது. குழாய்த் தண்ணீர் ஆகாதென்று மழைத் தண்ணீரை மூடிவைத்து ஊற்றி வளர்த்தது.

“அடுத்த கிழமை வாங்க தம்பி. வந்தா முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் பாருங்க.”

மதில் பக்கமிருந்து பக்கத்து வீட்டுச் சகீனா எட்டிப் பார்த்தாள். “என்ன அக்கா, மொகம் ஒரு மாதிரி ஈக்குது?”

“முன்வாசல்ல இவரோட அந்தூரியத் தொட்டிக்குக் கீழ தட்டெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை கவுத்துக் கழுவுறது யாரு?”

“நீங்கதானே.”

“இந்தச் சனி எனக்கு இடுப்பு வலி.”

“அல்லாஹ்வே! எப்ப தொடக்கம்?”

“இப்ப போன் வந்ததிலயிருந்து.”

“அவருக்குத் தெரியுமா?”

“தொட்டிக்குக் கீழ தட்டு இருக்கிறதே அவருக்குத் தெரியாது.”

நுஸ்கி வந்த அன்று ராஜலிங்கம் காலையிலேயே சவரம் செய்து, சட்டை மாற்றி, கதிரையில் உட்கார்ந்திருந்தார். “ஆ, வாங்க! பின்னால போவோமா?” என்று அவரே வழிகாட்டினார்.

“முறைப்பாடு தந்த ஐயா நீங்கதானே? இது உங்க வீடா?”

“பின்னால, பின்னால,” என்று ராஜலிங்கம் வேகமாக முன்னே நடந்தார். ஞானேஸ்வரி வானத்தைப் பார்த்தாள்.

நுஸ்கி ஒவ்வொரு குடுவையிலும் சின்னக் குழாயை விட்டுத் தண்ணீரை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தான். எறும்பு, எறும்பு, ஈயின் இறக்கை, மறுபடி எறும்பு.

“இதுல குடம்பி ஒண்ணும் இல்லையே. அம்மா முன்பக்கமும் பார்க்கச் சொன்னாங்க.”

முதல் அந்தூரியத் தட்டிலேயே குடம்பிகள் நெளிந்து நெளிந்து கும்மாளம் போட்டன. “முதல் தடவைங்கிறதால எச்சரிக்கையோட விடுறேன் ஐயா. அடுத்த தடவை தொட்டியோட தூக்கிடுவோம்.”

அவன் போனதும் ராஜலிங்கம் குனிந்து தட்டைத் தூக்கிக் காட்டினார். “நீ கழுவலையா?”

“பக்கத்து வீட்டுத் தட்டை நான் ஏன் கழுவணும்?”

அன்று மாலை எல்லாத் தட்டுகளையும் அவரே கவிழ்த்துக் கழுவினார். பிறகு கேட்காமலேயே குடுவைச் செடியைத் தூக்கிவந்து, காலை வெயில் விழும் முன்வாசலில், அந்தூரியத்துக்கு நேர் மேலே மாட்டினார். ஓர் ஈ குடுவையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

“விழுமா?” என்று கிசுகிசுத்தார்.

“சத்தம் போடாதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, அதுக்குத் தெரிஞ்சிடப் போகுது.”

உள்ளே போன் அடித்தது. அவர் அசையவில்லை.

“போய் எடுங்க,” என்றாள் ஞானேஸ்வரி. “பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டா, இருக்காருன்னு சொல்லுங்க.”