மெதுவானவன் முன்னால்

எங்கள் நாலு பேர் வருடா வருடம் போகும் சைக்கிள் பயணத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். யார் மெதுவாக ஓட்டுகிறாரோ அவர் முன்னால் போக வேண்டும். கூட வருகிற கணக்கு டீச்சர் போட்ட சட்டம். யாரும் பின்னால் தனியாகத் தவிக்கக் கூடாதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆறு வருடமாக முன்னால் போகிறவன் நான் என்பதுதான் அதிலுள்ள அவமானம்.

இந்த வருடம் அவமானப்படக்கூட நேரமில்லை. பின்னால் வருகிறவனிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எனக்கு அடுத்து வருகிறவன் லிஃப்ட் மெக்கானிக். பங்க்சர் ஒட்டுகிற சாமானெல்லாம் அவன் பையில் இருப்பதால் நடு இடம் அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் என் நண்பன், பிறகு என் அக்காவைக் கட்டியவன். அக்கா எதிரில் "வாங்க அத்தான்", அவள் தலை மறைந்ததும் "வாடா". இப்படியே எட்டு வருடம் ஓட்டிவிட்டேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் அக்காவுக்கும் இவனுக்கும் சண்டை. வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுவதில் ஆரம்பித்து, ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவருக்கு வீட்டில் மட்டும் கை ஓடாது என்பதில் போய் முட்டி, இவன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒர்க்‌ஷாப் மாடி அறைக்குப் போய்விட்டான். மூன்று வாரம் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"வரச் சொல்லாதே. வர்றாரான்னு மட்டும் கேளு" என்றாள். அவள் ரோஷத்துக்கு அதுவே பெரிய இறக்கம்.

நான் கேட்கவில்லை. நண்பனாகக் கேட்பதா, மச்சினனாகக் கேட்பதா என்று ஒரு வாரம் குழம்பினேன், அப்புறம் ஆறப் போட்டேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. கொஞ்சம் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்வேன். பேச்சில் அந்த வசதி கிடையாது. இலையுதிர் காலத்தில் தீவுப் பயணம் வரத்தானே போகிறது, அங்கே பக்குவமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அக்கா மறுபடி விசாரித்தபோது, கேட்டுவிட்டேன், யோசிக்கிறாராம் என்று கூசாமல் புளுகினேன்.

போன வியாழக்கிழமை அவள் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் கிளைக்கு மாற்றல் தருகிறார்களாம், திங்கட்கிழமை கையெழுத்துப் போடப் போகிறாளாம். இத்தனை நாள் யோசிக்கிற மனிதர் இனி என்ன சொல்லிவிடப் போகிறார் என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. பயணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் என் பொய்யை நான் நிஜமாக்கியாக வேண்டும்.

காலைப் படகில் கேட்கலாமென்று பார்த்தேன். அவன் குனிந்து என் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தான். வேலை செய்து தருகிறவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. கிழக்குத் துறையில் இறங்கி மேற்குத் துறைக்கு நாற்பது கிலோமீட்டர். கடைசிப் படகு ஐந்தரைக்கு. பாதையெல்லாம் நனைந்த இலை, சக்கரம் வழுக்கியது. எதிர்க்காற்று வேறு. ஒருமுறை கழுத்தைத் திருப்பி, "உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று கத்தினேன். "ரோட்டைப் பாருடா" என்று பதில் வந்தது.

மேட்டில் கேட்கலாமென்றால் எனக்கு மூச்சே இல்லை. நிறுத்தின இடத்திலெல்லாம் எங்கள் நாலாவது ஆளான பேக்கரிக்காரன் கிடைத்த சுவரில் சாய்ந்து தூங்கினான், டீச்சர் பக்கத்திலேயே நின்று அடுத்த பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குச் சொன்னாள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக நான்தான் எல்லோரையும் அவசரப்படுத்தினேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறேனே, என்ன சங்கதி என்று டீச்சர் கேட்டாள். மழை வரும்போலிருக்கிறது என்றேன். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. மெக்கானிக் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த அவசரத்தில் நாலே முக்காலுக்கே மேற்குத் துறைக்கு வந்துவிட்டோம். மற்ற இரண்டு பேரும் டிக்கெட் எடுக்கப் போனார்கள். நான் கைப்பிடியைப் பிடித்தபடியே அவனிடம் கேட்டேன்.

"வீட்டுக்கு வர்றியா, இல்லையா?"

அவன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான், மூடியைத் திருகினான்.

"நேத்து உங்க அக்கா போன் பண்ணினா" என்றான். "தம்பிகிட்ட யோசிக்கிறேன்னு சொன்னீங்களாமே, என்ன யோசிச்சீங்கன்னு கேட்டா."

நீ என்ன சொன்னாய் என்றேன்.

"என்ன சொல்றது? ஆமா, யோசிச்சிட்டிருக்கேன்னு சொன்னேன். சரி, யோசிங்கன்னு வச்சிட்டா."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"அவளுக்கு இருக்கிறது ஒரு தம்பி. உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்றியா? நீயா சொல்லுவேன்னு காலையிலேர்ந்து உன் முதுகைப் பாத்துக்கிட்டே வர்றேன். நாலு மாசமா அந்த ரூம்ல யாராவது வந்து கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்டா. நான் கூப்பிட்டா அவ எடுப்பாளோ மாட்டாளோன்னு பயம். கடைசியில அவளே கூப்பிட்டப்போ, அதையும் இப்படிக் கெடுத்துக்கிட்டேன்."

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். நண்பன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை, தம்பி என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. மாற்றல் விஷயம் அவனுக்குத் தெரியவே தெரியாது. சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. நான் போனை எடுத்தேன். அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் அவர்கிட்ட கேக்கவே இல்ல. யோசிக்கிறார்னு நான்தான் பொய் சொன்னேன். நேத்து அவர் சொன்னது என்னைக் காப்பாத்துறதுக்கு."

போனை வைத்துவிடுவாள் என்றே நினைத்தேன்.

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"போனை அவர்கிட்ட குடு. நீ தள்ளிப் போ."

கொடுத்தேன். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு சுவர் ஓரமாகப் போனான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை. படகு வந்தது. டீச்சரும் பேக்கரிக்காரனும் ஏறிவிட்டார்கள். ஐந்து இருபத்தெட்டு ஆகியும் அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஒரு தடவை தலையை ஆட்டினான், ஒரு தடவை கண்ணைத் துடைத்தான்.

இரண்டு சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போய்ப் படகு கிளம்ப முடியாதபடி அதில் ஏறும் சாய்தளத்தில் குறுக்கே நிறுத்தினேன். படகுக்காரர் ஏறு, இல்லாவிட்டால் இறங்கு என்று சத்தம் போட்டார். சங்கிலி கழன்றுவிட்டது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்து, நன்றாக இருந்த சங்கிலியைக் கழற்றினேன். அவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டட்டும் என்று அவன் பேசி முடிக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.