பதினேழாவது அட்டை

"மாப்பிள்ளை, போனைச் சட்டைப் பையிலேருந்து வெளிய எடுங்க! உங்க நெஞ்சு அடிக்கிறதுதான் இங்க கேக்குது. வகுப்பு கேக்கவே இல்ல!"

அக்கா போட்ட சத்தத்தில் கட்டிலில் கிடந்த தங்கை கண்ணைத் திறக்காமலேயே சிரித்தாள். சிரிப்பு என்றால் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சத்தமாகச் சிரித்து நாளாயிற்று. பேச்சும் ரகசியம் பேசுகிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவள் சொல்வதைக் கேட்க வேண்டுமானால் காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அந்த வேலை அக்காவுடையது. கேட்டதைப் பத்து மடங்கு பெரிதாக்கி ஊருக்கே சொல்வதும் அக்காதான். அதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இப்ப கேக்குதா அக்கா?" போனில் மாப்பிள்ளையின் குரல் வந்தது. தங்கையின் கணவர். பதினைந்து வருஷமாகப் பேருந்து ஓட்டுகிற மனிதர், இன்றைக்குப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒரு போனைத் தூக்கிப் பிடிக்கிற வேலைக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"கேக்குது, கேக்குது. கையை இறக்கிடாதீங்க. வலிச்சாலும் இறக்கிடாதீங்க!"

மணி பதினொன்றாக இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா கடிகாரத்தை மறுபடியும் பார்த்தாள். தன் கல்யாணத்தன்று கூட அவள் இப்படிப் பதறவில்லை.

விஷயம் இதுதான். தங்கை உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தவள். நோய் எலும்புக்குள் போய்விட்டது, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொன்ன அதே வாரம் தலைமையாசிரியை பழப்பையோடு பார்க்க வந்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் வாய்விட்டே சொன்னார். "உங்க இடத்துக்கு ஆள் கிடைக்காது போலிருக்கு. உங்க வகுப்பு நேரத்தைக் கணக்குக்கே குடுத்துடலாம்னு பாக்கறேன்."

தங்கை தலையணையிலிருந்து எழுந்தே விட்டாள். "ஆள் வேண்டாம் மேடம். ஒரு பெட்டி தரேன். பாடத் தெரியாதவங்க, நடிக்க வராதவங்க, யார் வேணா அதை வெச்சு வகுப்பு எடுக்கலாம்."

"யார் வேணாவா?"

"யார் வேணா."

தலைமையாசிரியை லேசுப்பட்டவரில்லை. "அப்ப கணக்கு சாரே எடுத்துப் பாக்கட்டும். அவரால முடிஞ்சா அந்த நேரம் அப்படியே இருக்கும். முடியலேன்னா அது அவருக்கு."

அவர் படியிறங்கியதுமே அக்கா பொங்கினாள். "நல்ல நியாயம்டி இது! நாலு வருஷமா அந்த நேரத்துக்கு அடி போடறவர் அவர்தானே? வேணும்னே சொதப்பிட்டா?"

"மாட்டார். வேணும்னே தப்பாப் போட அவருக்குக் கை வராது" என்றாள் தங்கை.

அன்றிலிருந்து மூன்று வாரம், வீட்டில் வேறு பேச்சில்லை. அக்கா தன் தையல் கடையைப் பாதி நேரம் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மழைச் சத்தத்துக்கு விதைகள் போட்டு மூடிய பாட்டில்கள், இடிக்கு மெல்லிய தகரம், காற்றுக்கு மரக்கட்டையில் சுற்றிய முரட்டுத் துணி. ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை தைத்து, சுருக்குக் கயிறு போட்டு, மேலே படம் தைத்துக் கொடுத்தாள். உயிரான சாமான் இருபத்துநான்கு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் எண், ஓரிரு சின்ன வாக்கியம். சுருதி, தாளம் என்ற பேச்சே கிடையாது. 'உள்ளங்கைகளைத் தேய்க்கவும். பத்து எண்ணவும்.' இப்படித்தான் இருக்கும். வரிசையாகச் செய்துகொண்டு போனால், ஒரு படகு கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கிக் கரைக்குத் திரும்புகிற நாடகம், வெறும் சத்தத்தாலேயே வந்துவிடும்.

"அட்டை எண் ஒன்று" என்றது போன்.

கணக்கு வாத்தியாரின் குரல் அது. தேற்றம் வாசிப்பதுபோல வாசித்தார். "உள்ளங்கைகளைத் தேய்க்கவும். பத்து எண்ணவும்." ஒன்பதாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். களுக்கென்று யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. ஆனால் பத்து எண்ணி முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கி, சர்ரென்று ஒரு காற்று கிளம்பிவிட்டது. நாற்பது ஜோடிக் கைகள்!

"ஐயோ, காத்துடி! காத்தேதான்!" அக்கா கட்டில் சட்டத்தில் ஓங்கி அடித்தாள்.

தங்கை கண்ணைத் திறந்தாள். அவள் விரல்கள் போர்வையின் மேல் எண்ணிக்கை போட ஆரம்பித்தன.

ஆறாவது அட்டையில் படகின் என்ஜின் வந்தது. டுபுடுபுடுபு என்று பத்துப் பேர் வாயால் கிளப்பினார்கள். ஏழாவதில் இரண்டு பையன்கள் முந்திக்கொண்டு அலையடிக்கப் போக, "தப்பு. ஆறுலேருந்து வாங்க" என்றார் கணக்கு வாத்தியார், கொஞ்சமும் சிரிக்காமல். தங்கையின் உதடு அசைந்தது. அக்கா காதைக் கொடுத்தாள், பிறகு போனில் முழங்கினாள்.

"அவ சொல்றா, தகரத்தைப் போட்டு உலுக்கக் கூடாதாம்! ஓரத்தைப் புடிச்சு மெதுவா ஆட்டினாப் போதுமாம்! இடி தூரத்துல இருக்காம்!"

"சரிங்க டீச்சர்!" நாற்பது குரல்.

"அக்கா," மாப்பிள்ளை கிசுகிசுத்தார், "எச்.எம். கடைசி பெஞ்சுல வந்து உக்காந்துட்டாங்க. கால் ஆடுது."

"யார் கால்?"

"எச்.எம். கால்தான்!"

அக்கா தங்கையின் கன்னத்தைக் கிள்ளாத குறைதான். புயல் ஏறிக்கொண்டே போனது. பாட்டில்கள் குலுங்கின, பெஞ்சுகள் அதிர்ந்தன, தகரம் உறுமியது. கணக்கு வாத்தியார் பாவம், அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினார். "பதினஞ்சு! பதினஞ்சு!" பதினாறாவது அட்டையில் என்ஜின் இருமியது, திக்கியது, நின்றது.

"அட்டை எண் பதினேழு. எல்லோரும் பலமாகக் கை தட்டவும்."

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாக்கியம் அவளுடையது. மூன்று நாள் முன்னால் அட்டைகளை அடுக்கும்போது பதினேழில் எண் மட்டும் இருந்தது, கீழே ஒன்றுமில்லை. பாவம், அசதியில் விட்டுவிட்டாள், சொன்னால் சங்கடப்படுவாள் என்று நினைத்து, யாருக்கும் சொல்லாமல் தானே எழுதிச் சேர்த்துவிட்டாள்.

தங்கையின் கண்கள் அகலமாக விரிந்தன. "யாரு... எழுதினது?"

"நான்தான்டி. காலியா இருந்துச்சே."

"காலியாத்தான்... இருக்கணும்." தங்கை மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "என்ஜின் நின்னுடுச்சு. கரையில இருக்கறவங்க... காது குடுத்துக் கேக்கறாங்க. இருபது எண்ணற வரைக்கும்... ஒண்ணும் கிடையாது."

அங்கே நாலைந்து பேர் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா போனுக்குள்ளேயே குதித்துவிடுவாள்போல இருந்தது. "தட்டாதீங்க! ஐயையோ, யாரும் தட்டாதீங்க! அது நான் எழுதினது!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "எதுங்க நீங்க எழுதினது?" என்றார் கணக்கு வாத்தியார்.

"பதினேழு, சார்! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அது வெறும் அட்டை. அதுல ஒண்ணுமே செய்யக் கூடாதாம். இருபது எண்ணற வரைக்கும் மூச்சு விடாம உக்காந்திருக்கணுமாம். படகு என்ன ஆச்சுன்னு கரையில இருக்கறவங்க காது குடுத்துக் கேக்கற இடமாம்."

போச்சு, எல்லாம் போச்சு, என் கையாலேயே கெடுத்தேன் என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூஜ்யம்னு சொல்லுங்க" என்றார் கணக்கு வாத்தியார். அவர் குரலில் புதிதாக ஏதோ ஒரு துள்ளல் இருந்தது. "ஒண்ணும் இல்லதான். ஆனா அதை எடுத்துட்டா மொத்தத் தொகையும் மாறிடும். அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே! பிள்ளைங்களா, பதினாறுலேருந்து!"

தங்கையின் முகம் அப்படி மலர்ந்ததை அக்கா பல மாதங்களாகப் பார்க்கவில்லை. "புடிச்சுட்டாரு" என்றாள் தங்கை. "அக்கா, அவர் புடிச்சுட்டாரு."

மறுபடியும் என்ஜின் இருமியது, திக்கியது, நின்றது. பிறகு ஒன்றுமில்லை. நாற்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் ஒரு பெஞ்சு கூட முனகவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அக்கா போனைப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்குப் புல்லரித்தது. கேட்டியாடி என்று கண்ணாலேயே கேட்க, தங்கையின் பக்கம் திரும்பினாள்.

போர்வையின் மேல் விரல்கள் நின்றிருந்தன. எந்த எண்ணிக்கையில் நின்றன என்று தெரியவில்லை. ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, அக்கா பழக்கப்படி காதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். காத்திருந்தாள். மறு காதைக் கொண்டுபோனாள். அதிலும் ஒன்றும் விழவில்லை.

டுபு.

எங்கேயோ வெகு தூரத்தில், ஒரே ஒரு பெண்ணின் வாய். டுபு. டுபு.

அக்கா வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவருவார். வகுப்பு கலைந்துவிடும். மூன்று வாரம் தங்கை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த பெட்டி, பதினேழிலேயே நின்றுபோகும். போனில் இன்னொரு வாய் சேர்ந்துகொண்டது, இன்னொன்று, இன்னொன்று. "வருது, வருது! இன்னும் பக்கத்துல!" அது கணக்கு வாத்தியார். அவர் இப்போது அட்டையைப் பார்த்து வாசிக்கவில்லை.

அக்கா வாயை மூடிக்கொண்டாள். புறங்கையைக் கடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தங்கையின் கையை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. அக்கா தன் வாழ்நாளில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. படகு வந்தது. கரையிலிருந்தவர்கள் கத்தினார்கள், ஓடினார்கள், பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள். இருபத்துநான்காவது அட்டையில் எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் ஆர்ப்பரித்தபோது, போன் அவள் கையில் அதிர்ந்தது.

"டீச்சர்! எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"டீச்சர், நாங்கதான் என்ஜின்!"

"அமைதி, அமைதி. டீச்சர் சொல்லட்டும்" என்றார் கணக்கு வாத்தியார். அவருக்கே மூச்சு வாங்கியது.

எல்லோரும் காத்திருந்தார்கள். 'அவ சொல்றா' என்று ஆரம்பிக்க அக்காவின் நாக்கு எழவில்லை. ரொம்ப நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிடலாம். ஆனால் தங்கை ஒரு நாளும் அப்படிச் சொல்கிறவளில்லை. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மழை பாட்டில் ஆட்டினது யாரு?" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "படகு கரைக்கு வந்து, எல்லாரும் இறங்கியாச்சு. நீ இன்னும் ஆட்டிக்கிட்டே இருந்தியேம்மா. புயல் எப்பவோ விட்டாச்சு."

கூரை பறக்கிற சிரிப்பு. "ஐயோ டீச்சர், ஆமா! பாக்கற ஜோர்ல மறந்தே போயிட்டேன்!" என்றது ஒரு கீச்சுக் குரல். "டீச்சருக்கு எப்படிக் கேக்குது பாருடி!"

கடைசி பெஞ்சு நகரும் சத்தம். தலைமையாசிரியையின் குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. "டீச்சர், அந்த நேரம் உங்க பெட்டிக்குத்தான். நாளைக்கு எட்டாம் வகுப்பு."

"மேடம்," கணக்கு வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார், "எட்டாம் வகுப்புக்கும் நானே எடுக்கட்டுமா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், அங்கே யாருக்கோ தெரியும் என்பதுபோல. இரைச்சல் பின்னால் போயிற்று. மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவந்திருக்க வேண்டும். அவர் செருப்புச் சத்தம் எதிரொலித்தது.

"அக்கா! கேட்டாளா? முழுசும் கேட்டாளா? எச்.எம். கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க அக்கா, சத்தியமா. போனை அவ காதுல வைங்க, நான் சொல்றேன். நீங்க சொன்னா பத்து மடங்கு பெருசாக்கிடுவீங்க. அவ காதுலயே வைங்க!"

அக்கா போனைப் பார்த்தாள். தங்கையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள். தலையணையைக் கொஞ்சம் சரிசெய்து, போனை அவள் காதோடு சேர்த்து வைத்தாள்.

"இந்தா, கேளு," மாப்பிள்ளை ஆரம்பித்தார், "முதல்ல அந்தக் கணக்கு சார் எப்படி வந்து நின்னாருன்னு சொல்றேன். கையில அட்டையை வெச்சுக்கிட்டு, சட்டைக் காலர் வரைக்கும் பொத்தான் போட்டுக்கிட்டு..."

அவர் நிறுத்தவே இல்லை. ஒவ்வோர் அட்டையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அக்கா பிடித்துக்கொண்டிருந்தாள். கை வலித்தபோது, போனை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.