திருப்பூருக்குக் குடிபோன நாற்பத்தொரு குடும்பங்கள்

ராஜபாளையத்தில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கும் பாண்டிசெல்விக்கு ஞாபக மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவாள். வண்டிச் சாவியைத் தேடிக் கடையையே புரட்டிப்போடுவாள். ஆனால் தலைமையாசிரியர் லிங்கேஸ்வரன் அவளை உட்காரக்கூடச் சொல்லாமல் நிறுத்திவைத்துப் பேசிய இருபது நிமிடத்தில் ஒரு சொல்லைக்கூட அவள் மறக்கவில்லை.

அது அரசுப் பள்ளிதான். ஆனாலும் ஆறாம் வகுப்பிலேயே தேர்வு வைத்து வடிகட்டித்தான் பிள்ளைகளை எடுப்பார்கள். பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டால் டாக்டர் படிப்பு நுழைவுத் தேர்வுக்குக் காசில்லாமல் பயிற்சி. பத்தாம் வகுப்பில் ஏழு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதற்கு வாசலில் ஒரு பேனர், அதில் லிங்கேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பார். சிரிக்க மாட்டாரா என்ன? தேறாது என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிந்ததுமே கழற்றிவிட்டுவிடுவார். பரீட்சை எழுதினால்தானே தோற்கும். சொத்தைக் கத்தரிக்காயை எல்லாம் பொறுக்கிப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு, என் கூடையில் சொத்தையே கிடையாது என்று மார்தட்டுகிற வியாபாரம் அது.

பாண்டிசெல்வியின் மகள் யோகேஸ்வரி ஒன்பதாவது படிக்கும்போது டெங்கு வந்து ஒரு மாதம் படுத்துவிட்டாள். கணக்கில் இருபத்தெட்டு. அவ்வளவுதான், கூப்பிட்டுவிட்டார்.

"உங்க பிள்ளைக்கு இந்த ஸ்கூல் தரம் தாங்காதும்மா. டி.சி. வாங்கிக்கங்க. குடும்பத்தோட திருப்பூர் போறோம், எங்க சொந்த விருப்பம்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"நாங்க எங்க சார் திருப்பூர் போறோம்? அவிய அப்பா லாரியில போனாலும் வீடு இங்கதான இருக்கு."

"எழுதலன்னா நடத்தை சரியில்லன்னு நான் எழுத வேண்டி வரும். பொம்பளப் பிள்ள. யோசிச்சுக்கங்க."

பிள்ளை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பாண்டிசெல்வி எழுதிக் கொடுத்தாள்.  அந்த ஆளை அங்கேயே அறைந்துவிடக் கூடாதே என்று பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

யோகேஸ்வரி சேத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தாள். பாண்டிசெல்வி கடையில் அரிசி போட்டுக்கொண்டே மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

வந்தது. ஒரு நாள் அரிசி வாங்க வந்த முனீஸ்வரி மிஷினில் கைரேகை வைத்துவிட்டுப் புலம்பினாள். அவள் மகனையும் அதே பள்ளியில் போன வருடம் வெளியே அனுப்பிவிட்டார்களாம்.

"என்ன எழுதிக் குடுத்த?" என்றாள் பாண்டிசெல்வி.

"திருப்பூர் போறோம்னுதான் எழுதச் சொன்னாரு."

பாண்டிசெல்வி தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அடுத்த வாரமே தகவல் உரிமைச் சட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். பட்டியல் வந்தது. மூன்று வருடத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர்கள் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு குடும்பமும் திருப்பூருக்குக் குடிபோயிருந்தன. ஒரு குடும்பம்கூடக் கோயம்புத்தூர் போகவில்லை, ஒன்றுகூடச் சிவகாசி போகவில்லை. ஒரு தடவை சொன்ன பொய் செல்லுபடியானதும் மனுஷனுக்கு அடுத்த ஊர்ப் பெயரை யோசிக்கச் சோம்பல். கேட்க யார் வரப்போகிறார்கள் என்ற திமிர்.

அந்த நாற்பத்தொன்றில் அவள் குடும்பத்தையும் சேர்த்துப் பத்தொன்பது குடும்பத்துக்குப் பாண்டிசெல்வி கடையில்தான் கார்டு. மாதம் தவறாமல் வந்து, விரலை வைத்து, அரிசியும் பாமாயிலும் வாங்கிப் போனவர்கள். தேதியும் நேரமும் மிஷினிலேயே இருந்தது.

அவள் உடனே பாயவில்லை. மகள் பொதுத்தேர்வு எழுதி முடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். லிங்கேஸ்வரனுக்கு மே முப்பத்தொன்றோடு ஓய்வு. ரொம்ப முந்தினால் ஆளைப் பிடித்து அமுக்கிவிடுவார், பிந்தினால் மாலையும் கழுத்துமாக வீட்டுக்குப் போய்விடுவார். ஏப்ரல் கடைசியில், பத்தொன்பது குடும்பத்தின் பெயரோடு புகார் போனது. மே இருபத்திரண்டில் ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணை என்று கடிதம் வந்தது.

நடுவில் தேர்வு முடிவு வந்தது. யோகேஸ்வரி நானூற்று எழுபத்தொன்று. கணக்கில் தொண்ணூற்றெட்டு. பாண்டிசெல்விக்கு மகளைக் கட்டிக்கொள்ளத் தோன்றுவதற்கு முன்னால், லிங்கேஸ்வரன் முகம் இப்போது எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

"அம்மா, அந்த ஸ்கூல்லயே பிளஸ் ஒன் அப்ளிகேசன் போடவா?" என்றாள் யோகேஸ்வரி. "வெளிப்பிள்ளைகளுக்குப் பத்து சீட்டு உண்டாம். டாக்டர் கோச்சிங் வேற எங்கயும் சும்மா கெடைக்காதும்மா."

"அவன் மூஞ்சியில முழிக்கணுமா ஒனக்கு?"

"அவருதான் ரிட்டையர் ஆயிருவாருல்லா."

பாண்டிசெல்வி அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். பிள்ளை விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள், கடை சாத்துகிற நேரத்தில் லிங்கேஸ்வரன் தானே வந்து நின்றார். கடைசியாக மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டிருந்த முனீஸ்வரி போகாமல் கேனுக்கு மூடி போடுவதுபோல ஓரமாக நின்றுகொண்டாள். பாண்டிசெல்வி இருந்த ஒரே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"பிள்ள நல்ல மார்க் எடுத்திருக்கும்மா," என்றார். "அந்தப் பத்து சீட்டும் என் கையிலதான். முதல் பேரா போட்டுடறேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். நீங்க நாளைக்கு வராம இருந்தா போதும்."

"எம்பிள்ளைக்கு இப்ப ஒங்க ஸ்கூல் தரம் தாங்குமா சார்?"

அவர் தலை குனிந்தார். "தப்புதாம்மா. பிள்ளையோட எதிர்காலத்தை நினைச்சுப் பாருங்க."

எதிர்காலம் என்ற அந்த ஒரு வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. ஆனால் அந்தக் குனிந்த தலையைப் பார்க்கப் பார்க்க வயிற்றில் பால் வார்த்ததுபோலவும் இருந்தது. ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த காட்சி அல்லவா? நாளைக்கு இதைவிடக் குனிவார் என்று ஆசை வந்துவிட்டது.

"பாப்போம்," என்று ஷட்டரை இழுத்தாள். வீட்டில் மகளிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குப் பாண்டிசெல்வியைத் தவிர மற்றப் பதினெட்டுக் குடும்பத்தில் ஒன்றுகூட வரவில்லை. சிலருக்கு அதே பள்ளியில் இளைய பிள்ளைகள் படிக்கிறார்கள், பயம். அதைப் பார்த்ததும் லிங்கேஸ்வரனுக்கு உயிர் வந்துவிட்டது.

"எல்லாரும் வெளியூர் போயிட்டாங்க சார். எப்படி வருவாங்க?" என்றார் அதிகாரியிடம்.

பாண்டிசெல்வி கடையின் விற்பனைப் பதிவைப் பத்தொன்பது கட்டாக மேசைமேல் வைத்தாள். "திருப்பூர்ல இருந்து மாசாமாசம் வந்து எங்கடையில ரேகை வச்சு அரிசி வாங்கியிருக்காக சார். பாருங்க. ஒருத்தரும் ஒரு மாசம் தப்பல."

அதிகாரி புரட்டப் புரட்ட லிங்கேஸ்வரனின் முகம் வெளிறியது. கடைசியாக ஒரு அம்பை எய்து பார்த்தார். "சார், இந்தம்மாவும்தான் பொய் லெட்டர் குடுத்திருக்காங்க. கடைப் பதிவை வெளிய கொண்டுவர இவங்களுக்கு அதிகாரமும் கிடையாது."

"ஆமா சார். மேல இருக்க முத கட்டு என்னோடதுதான்," என்றாள் பாண்டிசெல்வி. "எம்மேலயும் நடவடிக்கை எடுங்க. ஆனா அவரு மேல எடுத்துட்டு எடுங்க."

இருபத்தொன்பதாம் தேதி உத்தரவு வந்தது. லிங்கேஸ்வரன் தற்காலிகப் பணி நீக்கம், விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை. பிரிவு உபசார விழாவுக்கு வந்திறங்கிய பந்தல் கம்புகள் அதே டெம்போவில் திரும்பிப் போயின. பாண்டிசெல்வி வேலை மெனக்கெட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய், ரோட்டோரம் நின்று, கடைசிக் கம்பு ஏறும்வரை பார்த்துவிட்டு வந்தாள். விளக்கம் கேட்டு அவளுக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. அது அவளுக்குத் தூசி.

ஜூன் முதல் வாரத்தில் யோகேஸ்வரி சான்றிதழ்ப் பையோடு அந்தப் பள்ளிக்குப் பட்டியல் பார்க்கப் போனாள். வெளிப்பிள்ளைகளுக்கான பத்து இடமும் இந்த வருடம் நிறுத்திவைப்பு என்று ஒட்டியிருந்தது. சேர்க்கை முழுக்க விசாரணையில் இருக்கிறதாம். வருகிற வழியில் முனீஸ்வரியைப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த சாரு கடைக்கு வந்தாராமே. எனக்கு சீட்டு தாரேன்னு சொன்னாராமே."

"வந்தான். அவன் போடுத பிச்சைய நாம வாங்கணுமாக்கும்?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஏட்டி, ஒன்ன வெளிய தள்ளுனவன் அவன். ஒனக்காகத்தான அம்புட்டும் செஞ்சேன்."

"தள்ளுனது என்னையம்மா," என்றாள் யோகேஸ்வரி. குரலை உயர்த்தவில்லை. "அப்ப அவர விடணுமா வேண்டாமான்னு எங்கிட்டல்ல கேட்டிருக்கணும்? நான் விட்டுருப்பேன்."

 பாண்டிசெல்விக்கு லிங்கேஸ்வரன் மேல் இப்போதும் எள்ளளவு இரக்கம் வரவில்லை, அந்த ஆள் இன்னும் நாலு வருடம் கோர்ட்டுக்கு அலையட்டும் என்றுதான் இருந்தது.  யோகேஸ்வரி சான்றிதழ்ப் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, சேத்தூர்ப் பள்ளியிலாவது சேர வேண்டும், மூணு மணி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். நானும் வாரேன் என்று இவள் எழுந்தபோது, வேண்டாம் என்று திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டினாள்.