கருகிய பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. திருத்தணி மலைக்கோயிலுக்கு எதிர்க்குன்றில் இருந்த ராணுவ முகாமில், எதிரி விமானம் வருவதைக் கண்டுபிடிக்கும் இயந்திரத்திலிருந்து கழற்றிவைத்த ஒரு பித்தளைக் குழாயைச் சுற்றி நான்கு பேர் நின்றார்கள். வெள்ளைக்காரக் கேப்டன், மெக்கானிக் சிவப்பிரகாசம், முகாமைக் கூட்டித் துடைக்கும் கோதண்டம், அங்கே தண்ணீர் சுமக்கும் அவன் மனைவி ரஞ்சிதம்.

குழாய் உருண்டையாக இல்லை. ஒரு முனை தீப்பெட்டிபோலத் தட்டை, மறுமுனை நாதஸ்வரத்தின் வாய்போல விரிந்திருந்தது. இயந்திரம் கிளப்பிவிடும் ஏதோ ஓர் அலை அதற்குள் ஓடி வெளியே போய், விமானத்தின்மேல் மோதித் திரும்புமாம். கண்ணுக்குத்தான் தெரியாது. குழாய்க்குள் தூசு இருந்தாலும் தீப்பொறி பறக்கும் என்று எல்லோரையும் எச்சரித்திருந்தார்கள். நேற்று ராத்திரி பறந்தேவிட்டது; இயந்திரம் நின்றுபோனது. உட்சுவரில் பொட்டளவுக்கு ஒரு கருகல், அதன் ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் நிறம்.

நேற்று பூஜை போட்டவன் கோதண்டம். துடைப்பம், வாளி, மண்வெட்டி, கடைசியில் இயந்திரத்தின் இரும்புக் கால் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தான். சந்தேகப்பட அதுவே போதும். போதாததற்கு, வெள்ளைக்காரனை எதிர்த்துத் தண்டவாளம் பெயர்த்த வழக்கில் அவன் அண்ணன் ஜெயிலில் இருந்தான். போலீசைக் கூட்டிவரக் கீழே ஆள் போயாகிவிட்டது.

கேப்டன் இங்கிலீஷில் கேட்டதைச் சிவப்பிரகாசம் தமிழில் சொன்னான்.

"யார் சொல்லி உள்ள பொட்டு வச்சேன்னு கேக்கறாரு. உண்மையச் சொல்லிடு."

"கால்லதான் வச்சேன் சார். உள்ள நான் கையே வுடல. சொல்லுங்க சார்."

சிவப்பிரகாசம் சொன்னான். இந்தச் சின்னப் பதிலுக்கு எதற்கு அவ்வளவு நீளம் என்று கோதண்டத்துக்குத் தோன்றியது. நடுவில் 'பிரதர்' என்று வேறு காதில் விழுந்தது. அண்ணன் பேச்சை இவன் எடுக்கவே இல்லையே!

ரஞ்சிதம் அவன் காதோரம் வந்தாள். "இன்னாய்யா, நெஜமாவே நீ இல்லியே?"

அவன் பார்த்த பார்வையில் அவளுக்கு வெட்கமாகிவிட்டது. கட்டினவளே கேட்டால் துரை கேட்கமாட்டானா? முகத்தை மறைக்கக் குழாய்ப் பக்கம் குனிந்தவள் அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"யோவ், இது மஞ்சளில்ல. சந்தனம். நம்மூட்ல ஏதுய்யா சந்தனம்?"

"கேட்டீங்களா சார்? நான் வச்சது வெறும் மஞ்சளும் குங்குமமும். இத்த தொரகிட்ட சொல்லுங்க."

சிவப்பிரகாசம் வாசலை எட்டிப் பார்த்தான். நேற்று இதே இடத்தில் அவன் சிரித்துக்கொண்டு சொன்னது கோதண்டத்துக்கு நினைவு வந்தது: "வேலை நடக்கறது உள்ளடா. காலுக்குப் பொட்டு வச்சி இன்னா பிரயோசனம்?"

"சொல்லுங்க சார்."

சிவப்பிரகாசம் கேப்டனிடம் ஏதோ சொன்னான். இரண்டே வார்த்தை. கேப்டன் தலையாட்டிவிட்டு வாசலைப் பார்த்தார். கீழே ஜீப் ஏறிவரும் சத்தம் கேட்டது.

ரஞ்சிதம் குழாயை இரண்டு கையாலும் தூக்கிக் கேப்டனின் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் பின்வாங்கினார். அவள் விடவில்லை. வேண்டாவெறுப்பாக முகர்ந்தவர், இன்னொரு முறை தானாகவே குனிந்து முகர்ந்தார். பிறகு மெதுவாகத் திரும்பிச் சிவப்பிரகாசத்தின் பக்கம் ஓரடி வைத்தார்.

சிவப்பிரகாசம் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். காலையில் இட்ட சந்தனம் வியர்வையில் கரைந்து நெற்றி முழுக்கப் பரவியது.