பழைய போனில் இருந்த கணவன்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. நானும் போன் மாற்றத்தான் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் கடைக்காரப் பையனிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். பழைய போன் திரும்பக் கிடைக்குமா? மூன்று தடவையும் அவன் இல்லை என்றான். அவள் கணவன் பக்கத்தில் நின்று, சுவரில் தொங்கிய போன் கவர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நானாகக் கட்டியது, பெயர்கள் உட்பட.

எந்த பிராண்டிலிருந்து எந்த பிராண்டுக்கு மாறினாள் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் கதையை விட்டுவிட்டு பிராண்டுக்காகச் சண்டை போடுவீர்கள்.

2

முதல் தொடக்கம்:

விஜயராணி புதுப் போனின் பெட்டியைத் திறந்தபோது வெளியே மழை

வேண்டாம். இந்த ஊரில் மழையை வைத்துத் தொடங்குவது சோம்பேறித்தனம்.

இரண்டாவது:

பன்னிரண்டாவது கல்யாண நாளுக்கு மகேஷ்குமார் தன் மனைவிக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தான்.

இது இருக்கட்டும். இந்த வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. என்னுடைய கஷ்டமே அதுதான்.

3

கல்யாணமாகி வந்த விஜயராணிக்குத் தாராவியில் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. மாமனார், மாமியார் மீனாட்சியம்மாள், மூத்தார், அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு பையன்கள், இவர்கள் இருவர். ஆக எட்டுப் பேர். அறையின் பாதி உயரத்தில் பலகை அடித்து மேலே ஒரு மாளா. ஏணியில் ஏற வேண்டும். ஆண்கள் மாளாவில் படுப்பார்கள், பெண்கள் கீழே.*

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள இடம் இல்லை. இருந்தது போன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு எல்லோரும் சாய்ந்த பிறகு, மேலேயிருந்து கீழே மெசேஜ் வரும்.

"ஏட்டி, தூங்கிட்டியா?"

"எங்க தூங்க? உங்க அம்ம காலு எம்மேல கெடக்கு."

"அந்தக் காலுக்கு இருக்க யோகம் எனக்கு இல்லயே."

"சீ. பெரியத்தான் முழிச்சிருக்கப் போறாவ."

"அவன் கொறட்ட விடுதான். நீ மேல பாரு."

"பலகதான் தெரியுது."

"ரெண்டு பலகைக்கு நடுவுல சந்து இருக்குல்லா? அதுல தெரியுதது என் கண்ணுதாம்."

அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள். மாமியார் புரண்டு படுத்து, "என்னட்டி, வயித்துவலியா?" என்பாள்.

ஒன்பது வருஷம் இப்படி. திட்டியது, கெஞ்சியது, பிள்ளை உண்டானதைச் சொன்னது, அவன் வேலை போன அன்று "ஒங்கிட்ட மட்டும் சொல்லுதேன், பயமா இருக்கு" என்றது, எல்லாம் அதில்தான். அவனுடைய போனை மூத்தார் பையன்கள் விளையாட எடுப்பார்கள் என்பதால், படித்தவுடனே ஒவ்வொன்றையும் அழித்துவிடுவான். அவள் அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினாள். அவள் போனில் அவன் பெயர் "கேஸ் ஏஜென்சி". எந்தப் பையன் கண்ணில் பட்டாலும் திறந்து பார்க்கத் தோன்றாத பெயர்.

*அப்படியானால் இவர்கள் மகள் ஷாலினி எப்படிப் பிறந்தாள் என்று கேட்பீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மீனாட்சியம்மாள் வீட்டோடு எல்லோரையும் கிளப்பிக்கொண்டு கல்யாணில் மகள் வீட்டுக்குப் போவாள். "ராணிக்குத் தலவலி. மகேசு அவளுக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்று கிளம்பும்போது அவளே அறிவித்துவிடுவாள். ராணிக்கு ஒரு தலைவலியும் இருக்காது. மீனாட்சியம்மாள் நல்ல மனுஷி.

4

மூன்று வருஷம் முன்பு செம்பூரில் தனி வீடு பார்த்து வந்தார்கள். மகேஷுக்கு டிராம்பேயில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. கம்பெனி புது நம்பர் கொடுத்தது. விஜயராணி அதை "ஷாலினி அப்பா" என்று பதிந்துகொண்டாள். மறைக்க ஆள் இல்லை.

வீட்டில் சாத்திக்கொள்ளக் கதவு இருந்தது. யாருக்கும் கேட்காமல் பேச எவ்வளவோ நேரம் இருந்தது. அவர்கள்

[இந்த வாக்கியத்தைப் பதினோரு விதமாக முடித்துப் பார்த்தேன். எல்லாமே விளக்கமாகப் போகிறது. அவர்கள் பேசவில்லை. பழக்கம் இல்லை. அவ்வளவுதான்.]

மாட்டுங்காவில் ஒரு கண் டாக்டரிடம் ரிசப்ஷனில் அவளுக்கு வேலை. மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போனதும் "கேஸ் ஏஜென்சி"யைத் திறப்பாள். இந்த மனிதர்தான் அந்த மனிதர் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது.

கல்யாண நாளுக்கு முந்தின நாள், "டிஸ்ப்ளே கீறலா இருக்கு, மாத்திட்டு வாரேன்" என்று மகேஷ் அந்தப் போனை வாங்கிக்கொண்டு போனான். திடீரென்று கொடுத்து அசத்த வேண்டும் என்ற ஆசை.

கடைப் பையன் சாஹில் கேட்டான், "பாய், சாட் பீ சாஹியே க்யா?" போன் கம்பெனி மாறுவதால் போட்டோவும் நம்பர்களும் சுலபமாக வந்துவிடுமாம். சாட் வர வேண்டுமென்றால் கேபிள் மாட்டி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டுமாம்.

மகேஷ் சாட் பட்டியலைத் தள்ளிப் பார்த்தான். ஸ்கூல் குரூப். கிளினிக் குரூப். தங்கச்சி. "ஷாலினி அப்பா." தன் பெயரைத் திறந்தான்.

"தண்ணி வந்துச்சா?"
"வந்துச்சு."
"லேட்டாவும்."
"சரி."

மூன்று வருஷமும் இப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. தன்னைப் போலவே அவளும் அப்போதைக்கப்போது அழித்துவிட்டாள் என்று நினைத்தான். அடியில் எங்கோ கேஸ் ஏஜென்சி கிடந்தது. அதை யார் திறப்பார்கள்?

"நஹி சாஹியே," என்றான். "சப் காலி கர் தோ." வேண்டாம், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று.

[இந்த இடத்தில் மகேஷைக் கெட்டவனாக்க மூன்று நாள் முயன்றேன். தெரிந்தே செய்தான் என்று எழுதினால் எனக்கும் உங்களுக்கும் நிம்மதி. அவன் இடம் கொடுக்கவில்லை. "சப் காலி" என்று சொல்லும்போது அவன் அந்தப் போனின் கீறலை விரலால் துடைத்ததை நான் எழுதாமல் விட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.]

5

புதுப் போனைக் கையில் வாங்கியதும் அவளுக்குச் சந்தோஷம்தான்.

"ஏங்க, எதுக்கு இவ்வளவு பெரிசா? நான் டிஸ்ப்ளே மாத்தத்தான் போயிருக்கீயன்னு நெனச்சேன்."

"மம்மி, சப்ஸே பெஸ்ட் கேமரா!" என்று ஷாலினி பிடுங்கினாள்.

அதற்கப்புறம்தான் விஜயராணி கேட்டாள். "பழசு எங்க?"

"எக்ஸ்சேஞ்சுல போட்டாச்சு. அந்த டப்பாவ வச்சி என்ன செய்ய?"

மறுநாள் கடைக்குப் போனபோதுதான் நான் அவர்களைப் பார்த்தது. "வோ தோ கயா, பாபி. ரீசெட் ஹோகே கோடௌன் மே கயா," என்றான் சாஹில். எல்லாவற்றையும் அழித்துக் குடோனுக்கு அனுப்பியாகிவிட்டதாம்.

திரும்பும் வழியில், ஸ்கைவாக் நடைமேம்பாலத்தின் படியில் மகேஷ் கேட்டான், "அப்படி என்னதாம் இருந்துச்சு அதுல? போட்டோல்லாம் வந்துருச்சே."

"நீங்கதான் இருந்தீய."

என்னுடைய நாவல்களில் வரும் பெண்கள் இதைத்தான் சொல்வார்கள். விஜயராணியும் சொல்வாள் என்று எழுதிவிட்டு, படித்துப் பார்த்துவிட்டு, அடித்தேன். அதைச் சொன்னால், இவ்வளவு நாளும் அவள் ஏங்கியது பக்கத்தில் நடக்கும் இந்த மனிதருக்காக அல்ல என்று இவரிடமே சொன்னதாகிவிடும்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

6

வேறு முடிவுகள்.

அ. அவள் சொல்லிவிடுகிறாள். அவன் படியிலேயே உட்கார்ந்து அழுகிறான். இருவரும் கைகோத்து இறங்குகிறார்கள். இதை எழுத எனக்குப் பத்து நிமிஷம் போதும். அதனாலேயே நம்பவில்லை.

ஆ. அவள் சமையலறையில் நின்று ஹாலுக்கு மெசேஜ் அனுப்புகிறாள்: "தூங்கிட்டீயளா?" ஹாலில் போன் கிணுங்குகிறது. அவன் அங்கிருந்தே சத்தம் போடுகிறான், "இங்கனதான இருக்கேன், எதுக்கு மெசேஜு?" இது நடக்கக்கூடியது. ஆகவே தாங்கவில்லை.

இ. ஞாபகத்திலிருந்து எழுதிவைக்கிறாள். ஷாலினியின் ரஃப் நோட்டில், இந்தி எழுத்தில் (இந்த ஊரிலேயே படித்தவள், தமிழ் அவளுக்குப் பேசத்தான் வரும்). நான்கு மெசேஜ் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்தாவதை எழுதும்போது அது அவன் சொன்னதா, தான் சொன்னதா என்று சந்தேகம் வந்துவிட்டது. பேனாவை மூடிவைத்தாள்.

இதை எழுதியதும் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே மூன்றாம் பகுதியில் நீங்கள் ரசித்த மெசேஜ்கள் நான் எழுதியவை. அங்கே உண்மையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. இப்போது யாருக்கும் தெரியாது.

7

செவ்வாய்க்கிழமை ஷாலினிக்கு ட்யூஷன். ஆறிலிருந்து ஏழு. மகேஷ் அன்று சீக்கிரம் வந்துவிட்டான்.

அவன் சோபாவில், அவள் கட்டில் விளிம்பில். டிவி போடவில்லை. அவன் கேட்க நினைப்பது: நீயும் அழிச்சிட்டியா? அவள் சொல்ல நினைப்பது: நான் ஒண்ணுகூட அழிக்கல. இரண்டும் ஒன்றுக்கொன்று எட்டடி தூரத்தில் இருந்தன. யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறந்தால் போதும்.

"ஏட்டி," என்றான் மகேஷ். "அந்தப் போன்ல"

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். முடித்தால் அதுவும் நான் எழுதிய இன்னொரு மெசேஜாகிவிடும். என்னிடமிருந்து அவளுக்கு ஒன்றும் வேண்டாம். அவனிடமிருந்து வர வேண்டும்.

காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

"என்ன சொல்ல வந்தீய?"

"இல்ல, விடு. சார்ஜர் வந்துச்சான்னு கேக்க வந்தேன்."

"வந்துச்சு."

ஏழுக்குப் பெல் அடித்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், கதவைத் திறக்க. அன்று சாயங்காலம் அவர்கள் ஒன்றாகச் செய்தது அது ஒன்றுதான். அந்த எழுந்திருத்தலில் இருந்த ஆசுவாசத்தைப் பார்த்த பிறகு என்னால் மேலே எழுத முடியவில்லை.

வியாழக்கிழமையும் ட்யூஷன் உண்டு. ஆறிலிருந்து ஏழு. அந்த ஒரு மணி நேரத்தை நான் தொடவில்லை. உங்களிடம் விட்டுப்போகிறேன்.